சித்திரை வீதியில் ஒரு சர்க்கார் சாவு

— செபஸ்தியான், முன்னாடி தூக்கிண்டு போறவரைக் கொஞ்சம் ஆட்டாம நடக்கச் சொல்லுங்கோ. எனக்கு எலும்பு முறிஞ்சிருக்கு, தெரியுமோல்லியோ?

— தெரியுங்க வாத்தியார் சார். ஆனா உங்க சட்டையில குத்தியிருக்கிற சீட்டுல இடது கால்னு போட்டிருக்கு. நீங்க அப்பலேர்ந்து வலது காலைப் புடிச்சிக்கிட்டுக் கத்திக்கிட்டு இருக்கீங்க.

— அப்படியா? சரி, மாத்திப் பிடிச்சுக்கறேன். ஆ! ஐயோ! அம்மா! இப்ப எப்படி இருக்கு?

— அருமைங்க. ஜப்பான்காரன் பார்த்தான்னா அவனே ஏரோப்ளேனை நிறுத்திட்டு அழுவான்.

— செபஸ்தியான், இது ஏ.ஆர்.பி.காரா நடத்தற குண்டுவீச்சு ஒத்திகை, நாடகக் கொட்டகை இல்லேன்னு அந்த மனுஷன்கிட்ட சொல்லு. அடிபட்டவன் அடிபட்டவனா வாயை மூடிண்டு படுத்திருக்கணும்.

— சார், வாயை மூடிக்கணுமாம். சக்ரபாணி சாமி சொல்றாரு.

— எனக்கே கேட்டுது. அடி கால்லதானே பட்டிருக்கு, வாய்ல இல்லையேன்னு அவர்கிட்ட சொல்லுங்கோ.

— சாமி, அடி கால்லதான்...

— எனக்கும் காது கேக்கறது. அதுக்குப் பதில் கிடையாதுன்னு சொல்லு.

— மாதாவே! ரெண்டு பேருக்கும் காது நல்லாக் கேக்குது, ரெண்டு பேருக்கும் வாய் காது வரைக்கும் கிழியுது. நடுவுல நான் எதுக்குங்க? சார் இருக்கிற கனத்துக்கு எனக்கு மூச்சு விடவே முடியல. இதுல தபாலாபீஸ் வேலை வேற பார்க்கணுமா?

— கோச்சுக்காதீங்கோ செபஸ்தியான். நீங்க பாலக்கரைக்காரர், உங்களுக்கு எங்க ஊர் கதை தெரியாது. அதாவது, அவர் என்கிட்ட பேசமாட்டார். பன்னெண்டு வருஷமாப் பேசலை.

— பன்னெண்டு வருஷமாவா? ஒரே தெருவுல இருந்துக்கிட்டா?

— எதிரெதிர் ஆத்துல. ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சோம், ஒண்ணாக் காவேரியில குதிச்சோம், ஒண்ணா உதை வாங்கினோம். அப்புறம் ஒரு சின்ன விஷயம்.

— சின்ன விஷயமா? சின்ன விஷயமாமா செபஸ்தியான்?

— சாமி, நீங்க திரும்பிப் பார்க்காதீங்க, சார் சாயறாரு!

— சரி, பெரிய விஷயம். பெருமாள் சன்னிதியிலயே சத்தியம் பண்ணிட்டார், செபஸ்தியான். “அவன் ஜீவனோட இருக்கற வரைக்கும் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்”னு. ஊருக்கே தெரியும்.

— மெய்யாவாங்க சாமி?

— ஊர்ல அப்படித்தான் சொல்றா.

— சார், அப்ப நீங்க எதுக்கு இந்த ஸ்ட்ரெச்சர்ல வந்து ஏறினீங்க? அடிபட்டவங்களா நடிக்க வேற ஆள் கிடைக்கலியா?

— ஒத்திகை நடத்தற வார்டன் கால்ல விழாத குறையாக் கேட்டு வாங்கிண்டேன். “எனக்கு எந்த எலும்பை வேணா முறிச்சுக்கோங்கோ, ஆனா சக்ரபாணி தூக்கற ஸ்ட்ரெச்சர்ல போடுங்கோ”ன்னேன். நாளைக்குக் கார்த்தால எனக்கு வண்டி. பிள்ளை நாக்பூர்ல இருக்கான். குண்டு விழப்போறது, உடனே புறப்பட்டு வான்னு ஒரே பிடிவாதம். இந்த வயசுக்கு மேல போனா, திரும்பி வருவேனோ மாட்டேனோ. அதுக்குள்ள இவர் வாயால ஒரு வார்த்தை கேட்டுடணும். திட்டினாக்கூட சரி.

— அடப் பாவமே. சாமி, கேட்டீங்களா?

— மூலை வரது. திரும்பணும். பேச்சுக் குடுக்காதே.

— ஆமா, நானும் கேக்கணும்னு நெனச்சேன். முதலுதவி போஸ்ட் கீழச்சித்திரை வீதி ஸ்கூல்லதானே? சார் விழுந்தது தெற்குச் சித்திரை வீதியில. கிழக்கால நாலு வீடு தாண்டித் திரும்பினா ஸ்கூல் வாசல். நாம என்னத்துக்குங்க மேக்கால வந்தோம்?

— அதைத்தான் நானும் கேட்கறேன்! அதாவது, நான் பூகோளம் சொல்லிக்குடுக்கறவன். எனக்குத் திசை தெரியாதா?

— செபஸ்தியான், கோயில் எந்தப் பக்கம் இருக்கு?

— வலப்பக்கமுங்க.

— அவ்வளவுதான். கோயில் வலப்பக்கம் இருக்கணும். பெருமாள் பல்லக்கைத் தாங்கற தோள் இது. எங்க அப்பா தோளும் அதேதான், தாத்தா தோளும் அதேதான். பிரதட்சிணமாப் போகும். எதிர்ப்பக்கம் போகாது.

— ஆனா இது பெருமாள் இல்லீங்களே சாமி. பூகோள வாத்தியாருங்க.

— எனக்குத் தெரியாதா? பாரம் தோள்ல ஏறிட்டா கால் தானாத் திரும்பிடறது. நான் என்ன பண்ண?

— அப்ப மேற்கு வீதி, வடக்கு வீதி, அப்புறம் கிழக்கு வீதியா? அதுக்குள்ள எனக்கு முறிஞ்ச எலும்பு தானாக் கூடிடும்!

— இன்னொண்ணு கேட்டுக்கறேன் சாமி. டிரெய்னிங்ல ஸ்ட்ரெச்சரைக் கையில புடிக்கச் சொன்னாங்க. நீங்கதான் தோள்ல ஏத்திட்டீங்க. முன்னாடி நீங்க உசரம், பின்னாடி நான் குட்டை. சார் வழுக்கி வழுக்கி என் மூஞ்சிக்கே வராரு. அவரு குடுமி என் மூக்கை உரசுது.

— நான் அந்த டிரெய்னிங்குக்கெல்லாம் போகலை. எனக்கு எவன் தூக்கக் கத்துக்குடுக்கறது? கையில தூக்கறது சாமானை, செபஸ்தியான். மனுஷாளைத் தோள்லதான் தூக்கணும்.

— செபஸ்தியான்! கேட்டேளா? என்னை மனுஷாள்னுட்டார்!

— பொதுவாச் சொன்னேன்னு சொல்லு.

— சார், பொதுவாச் சொன்னாராம்.

— பொதுவாச் சொன்னாலும் நானும் அதுல அடக்கம்தானேன்னு சொல்லுங்கோ.

— சாமி, இப்ப ஏன் இப்படி நிக்கறீங்க? ரெண்டு அடி வெக்கறீங்க, நிக்கறீங்க. இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை.

— அது சிம்மகதி.

— என்னங்க அது?

— நம்பெருமாள் புறப்பாடு ஆகறச்சே சிங்கம் குகையை விட்டு வர மாதிரி வருவார். ரெண்டு அடி. நின்னு ஒரு பார்வை. மறுபடி ரெண்டு அடி. பழக்கதோஷம்.

— சிங்கமா? சார், நீங்க கொஞ்சம் சிங்கமாட்டம் மூஞ்சியை வெச்சிக்கங்க, ஜன்னல்லேர்ந்து ஜனங்க பார்க்கறாங்க.

— எலும்பு முறிஞ்ச சிங்கம். ஆ! ஐயோ! இந்தாங்கோ செபஸ்தியான், சிரிக்காதீங்கோ, ஸ்ட்ரெச்சர் குலுங்கறது.

— சிரிக்காம என்னங்க செய்யறது? அங்க பாருங்க, ஒரு மாமி தட்டுல கற்பூரத்தோட வாசல்ல நிக்கறாங்க!

— சைரன் ஊதினா உள்ள இருக்கணும்னு தண்டோராப் போட்டாளே!

— சாமி நடையைப் பார்த்ததும் பெருமாள்தான் வராருன்னு நெனச்சிட்டாங்கபோல. மாமி! உள்ள போங்க மாமி! இது பெருமாள் இல்லீங்க, வாத்தியார்! எலும்பு முறிஞ்சிருக்கு! இடது கால்!

— செபஸ்தியான், அந்த மாமி என்னைப் பார்த்துக் கன்னத்துல போட்டுண்டாளே.

— கும்பிட்டதை வேண்டாம்னு சொல்லாதீங்க சார். எங்க கோயில் திருவிழாவுல நான் மாதா சப்பரம் தூக்கறவன். பாதித் தெரு எங்களுக்கும் சேர்த்துத்தான் கும்பிடும். நாங்க வாங்கிக்குவோம்.

— நீயும் தூக்கறவனா? முன்னாடியே சொல்லப்படாதோ?

— நீங்க கேக்கலியே சாமி. உங்க ஜோடி குண்டு பயத்துல ஜீயபுரத்துக்கு ஓடிட்டாரு, போய் மாத்து ஆளா நில்லுன்னாங்க. வந்தேன். பாலக்கரைக்காரன் தோளும் தோள்தானேங்க.

— எந்தத் தோள்ல தூக்குவே?

— இடது. தழும்பு இருக்கு பாருங்க.

— எனக்கு வலது. ஓய், அப்ப நீ நம்மவர்.

— செபஸ்தியான், பன்னெண்டு வருஷமா எதிர் ஆத்துல இருக்கேன், என்னை அவர் இல்லேங்கறார். நீங்க கார்த்தால வந்தேள், அதுக்குள்ள நம்மவர் ஆயிட்டேள். அதைக் கொஞ்சம் அவர்கிட்ட சொல்லுங்கோ.

— சாமி, சாருக்கு மனசு கஷ்டமா இருக்காம்.

— கஷ்டப்படட்டும். கஷ்டப்படறவன் அன்னிக்குச் சிரிச்சிருக்கப்படாதுன்னு சொல்லு.

— சார், நீங்க சிரிச்சிருக்கக் கூடாதாம். என்னிக்கிங்க சிரிச்சீங்க?

— அதுதான் செபஸ்தியான் அந்த விஷயம். வைகுண்ட ஏகாதசி. அத்தனை கூட்டம். பல்லக்கு வரது, சிம்மகதி. முன்கொம்புல இவர். திடீர்னு இவருக்குக் கால் ஒரு அடி தடுக்கிடுத்து. நான் முன்வரிசையில நின்னுண்டிருந்தேன். சிரிச்சுட்டேன்.

— சிரிச்சீங்களா?

— வாய்விட்டு.

— எத்தனை பேர் திரும்பிப் பார்த்தான்னும் சொல்லச் சொல்லு.

— எல்லாரும் பார்த்தாங்கிறார். சரிதான். ஆனா நான் எதுக்குச் சிரிச்சேன்னு இவர் கேட்கவே இல்லியே! ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!

— சார், அழுவாதீங்க. ஸ்ட்ரெச்சர் துணி நனையுது. சர்க்கார் துணி.

— நான் எங்கே அழறேன்? வெயில். சித்திரை வெயில்ல வேர்க்கறது.

— கண்ணுல மட்டுமாங்க? சரி, சாமி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் குண்டு போடறவனுங்க அவ்வளவு உசரத்துலேர்ந்து பார்த்தா கீழ என்னங்க தெரியும்?

— பூகோள வாத்தியார் நான் சொல்றேன். அதாவது, கோபுரம் தெரியும். காவேரியும் கொள்ளிடமும் தெரியும். மனுஷாள் தெரியமாட்டா.

— அதாங்க விஷயம். மேல இருந்து பார்த்தா மனுஷனே கிடையாது. அதான் போட்டுடறான். இங்க பாருங்க, சார் மூஞ்சி என் தாடைக்கு நேரா கிடக்கு. நெத்தியில வேர்க்குரு இருக்கு. காதுல மயிர் இருக்கு. வாயில ஊறுகாய் வாசனை வருது. இவரு மேல யாராவது குண்டு போட முடியுமாங்க? இவ்வளவு கிட்டத்துல பார்த்தவன் போடவே மாட்டான் சாமி. உங்களுக்கு அவரைப் பார்க்கவே முடியல, முதுகைக் காட்டிக்கிட்டு நடக்கறீங்க. அதான் கோவம் இத்தனை வருஷம் நிக்குது.

— என்ன ஊறுகாய்?

— என்னங்க?

— என்ன ஊறுகாய் வாசனைன்னு கேட்டேன். ஆவக்காயா, நார்த்தங்காயா?

— நார்த்தங்காய்னு அவர்கிட்ட சொல்லுங்கோ, செபஸ்தியான். அவருக்கும் நார்த்தங்காய்னா உசிர். எங்காத்துல ஒரு ஜாடி அப்படியே இருக்கு. நாக்பூருக்கு எடுத்துண்டு போக முடியாது. வேணும்னா...

— ஜாடியெல்லாம் வேண்டாம்னு சொல்லு.

— சார், ஜாடி சின்னதா பெருசான்னு கேக்கறாரு.

— நான் அப்படிக் கேட்கலியே!

— பெரிய ஜாடின்னு சொல்லுங்கோ!

— கர்மம், கர்மம். நடுவுல இருக்கறவன் இப்படியா சேதியை மாத்துவான்?

— சாமி, நீங்க குடுக்கிற சேதியை அப்படியே குடுத்தா அவருக்கு மத்த காலும் முறிஞ்சிடுங்க. நான் முதலுதவிக்காரன், காயம் பண்ற வேலை எனக்கில்ல. அட, இருங்க. சத்தம் கேக்குதா?

— சைரன்.

— ரெண்டாவது சங்கு! போச்சு. மாதாவே, போச்சு!

— என்ன போச்சு?

— வாத்தியார் சார் போயிட்டாரு, சாமி.

— என்ன?

— டிரெய்னிங்ல சொன்னாங்க. நீங்கதான் வரலியே. ரெண்டாவது சங்கு ஊதறதுக்குள்ள அடிபட்டவரைப் போஸ்ட்ல சேர்க்கலேன்னா, ஆளு செத்துட்டதாத்தான் கணக்கு. சார், கேட்டீங்களா? நீங்க செத்துட்டீங்க.

— நானா? இப்பவேயா?

— இப்பத்தாங்க. சங்கு நிக்கறப்ப.

— கால் எலும்பு முறிஞ்சவன் எப்படி ஓய் சாவான்?

— ரத்தம் போயிருக்குங்க. மூணு வீதி சுத்தினா யாருக்குத்தான் போகாது?

— ஐயோ. எனக்கு ஒரு மாதிரியா இருக்கே. செபஸ்தியான், நான் எழுந்து நடந்தே வந்துடறேனே.

— செத்தவங்க நடக்கக் கூடாது சார். படுங்க. கையை நெஞ்சுல வெச்சிக்கங்க. ஆங், அப்படித்தான். இன்னும் கொஞ்சம் சாந்தமா.

— பெருமாளே! சித்திரை வீதியில பொணத்தையா தூக்கிண்டு போறேன் நான்? தீட்டாச்சே! ஸ்நானம் பண்ணணுமே!

— இது சர்க்கார் சாவுங்க சாமி. சர்க்கார் சாவுக்குத் தீட்டு கிடையாது. நடங்க நீங்க.

— சரி, நடக்கறேன்.

— என்ன சாமி, நடை மாறுது? சிங்கத்தைக் காணோமே.

— செபஸ்தியான்.

— சொல்லுங்க.

— கணக்குப்படி அவன் செத்தாச்சா? நிச்சயமா?

— நிச்சயங்க.

— அப்ப ஜீவனோட இல்லே.

— துளிகூட இல்லீங்க.

— செபஸ்தியான், நீங்க என்ன பண்றேள்னு எனக்கு...

— சார், பொணம் வாயைத் தொறக்கக் கூடாது. மொதல்ல அவரு பேசட்டும்.

— டேய் சீனு.

— ...

— டேய் சீனு! என்னடா இப்படிக் கனக்கறே? என்னத்தைத்தான் தின்னே பன்னெண்டு வருஷமா?

— சக்கு!

— ரங்கநாதா, ஸ்ட்ரெச்சர் சாயுது! சார், எழுந்திருக்காதீங்க, செத்திருக்கீங்க!

— சக்கு, பேசிட்டியேடா! என்கிட்ட பேசிட்டியே!

— பொணம் பதில் சொல்லலாமா, செபஸ்தியான்?

— சொல்லக் கூடாதுன்னு ரூல் ஏதும் கிடையாதுங்க. நான் ரங்கநாதா சொல்லலாமான்னுதான் யோசிக்கறேன். வாய்ல வந்துடுச்சி.

— சொல்லு, சொல்லு. பெருமாள் உன்னையும் ஒண்ணும் சொல்லமாட்டார். டேய் சீனு, கேட்டுக்கோ. அன்னிக்கு நீ சிரிச்சது என் காதுல இன்னும் இருக்கு. பெருமாளைத் தோள்ல வெச்சுண்டிருக்கேன். கால் தடுக்கறது. உசிரே போயிடுத்து எனக்கு. நிமிர்ந்து பார்க்கறேன், நீ பல்லைக் காட்டிண்டு நிக்கறே. மத்தவன் சிரிச்சா நான் கவலைப்படுவேனா? நீடா!

— சக்கு, பயத்துலடா.

— என்னது?

— பயத்துல சிரிச்சேன். கால் தடுக்கினதும் நீ விழப்போறேன்னு நெனச்சுட்டேன். விழலை. மறு அடியே தோளைக் குடுத்துத் தாங்கிப் பிடிச்சுட்டே. அப்பாடா, இவன் விழலைன்னு ஒரு சந்தோஷம் வந்தது பார், அது சிரிப்பா வெளியில வந்துடுத்து. அழுகையா வரவேண்டியது. வழி தப்பிடுத்து.

— பூகோள வாத்தியாருக்கு வழி தப்பிடுத்தாம்! கேட்டியா, செபஸ்தியான்?

— கேட்டேங்க. எனக்கும் அப்படி ஆகுங்க. என் கல்யாணத்துல நான் சிரிச்ச சிரிப்பைப் பார்த்துட்டுப் பாதர் கொஞ்ச நேரம் பூசையை நிறுத்திட்டாரு. பயம்தாங்க, வேற ஒண்ணுமில்ல.

— பெருமாளைச் சுமக்கறவன் தடுக்கப்படாதுடா சீனு. அதைத்தான் எனக்குத் தாங்க முடியலை. ஊரே பார்த்துடுத்தேன்னு. அந்தக் கோவத்தையெல்லாம் உன் தலையில போட்டுட்டேன்.

— ஏன் தடுக்கப்படாது? மனுஷன்தானே நீ? மனுஷன்னா தடுக்குவான். நீ தடுக்கினே, விடலையே! அதை யார் பார்த்தா? நான் ஒருத்தன்தான் பார்த்தேன். அதாவது, சிரிச்சுண்டே பார்த்தேன்.

— பக்கத்துல நின்னு பார்த்திருக்காரு, சாமி. அதான் தெரிஞ்சிருக்கு.

— நீ பேசாம வா.

— நான் பேசலீங்க. இங்க தோள்பட்டை கழண்டு விழறாப்பல இருக்கு, அதுதான் பேசுது.

— டேய் சீனு, அது இருக்கட்டும். அதுக்கு அப்புறம் நீ பண்ணினது? மறுநாள் கார்த்தால நான் வாசலுக்கு வரேன், என்னைக் கண்டதும் எதிர்ச்சாரிக்குப் போய்த் தலையைக் குனிஞ்சுண்டு ஓடினியே. அன்னிக்கு மட்டுமா? தினம்! காவேரிக்குப் போனா நீ வேற படித்துறை. சேவிக்கப் போனா நீ தூணுக்குப் பின்னால.

— பின்னே என்னடா பண்ணுவேன்? நீ சத்தியம் பண்ணிட்டே. நான் எதிர்ல வந்து நின்னா, நீ வாய் தவறி என்னடா சீனுன்னு கேட்டுடுவே. உன் சுபாவம் எனக்குத் தெரியாதா? உன் சத்தியத்துக்குப் பங்கம் வந்துடப்படாதேன்னுதான் ஒதுங்கி ஒதுங்கிப் போனேன்.

— அதனாலயா?

— அதனாலதான்.

— அதனாலதானா ஓடினே?

— வேற எதுக்குடா?

— சாமி? ஏன் நின்னுட்டீங்க? சாமி! இங்க ஸ்கூலு இல்லீங்களே.

— ஒண்ணுமில்லே. கல்லு குத்திடுத்து.

— எந்தக் கல்லுங்க?

— ஏதோ கல்லு. நட. மெதுவா நட, செபஸ்தியான். அவசரம் ஒண்ணுமில்லே.

— இன்னும் மெதுவாவா? மாதாவே, இவரு என் தோள்ல ஏறி ஒரு வருஷமான மாதிரி இருக்குங்க!

— சக்கு, நாளைக்குக் கார்த்தால வண்டிடா.

— கேட்டேன்.

— ஸ்டேஷனுக்கு வருவியா? வராதே. நான் ஏன் கேட்கறேன் பார், பைத்தியம். நாளைக்குக் கார்த்தால நான் உசிரோட இருப்பேனே. நீ பேச முடியாதே. அதனால எல்லாத்தையும் இப்பவே பேசிடு. அந்த ஸ்கூல் வாசல் வரைக்கும்தான் நான் செத்திருக்கேன். திட்டறதுன்னா திட்டு. மிச்சம் வெக்காதே.

— என்னத்தைத் திட்டறது? ஊறுகாய் ஜாடியில உப்பு சரியா போட்டிருக்கியா?

— போட்டிருக்கேன்.

— முட்டி வலி?

— இருக்கு. ரெண்டு கால்லயும்.

— நாக்பூர்ல மார்கழியில குளிராமே. கம்பளி வெச்சுண்டியா?

— பிள்ளை வாங்கித் தரேன்னிருக்கான்.

— அவன் வாங்கிக் கிழிச்சான். என் கம்பளியைத் தரேன், எடுத்துண்டு போ. இத பார், நான் நேர்ல குடுக்க மாட்டேன். வாசல்ல வெச்சுடறேன்.

— வைடா. நான் நீ உள்ள போனப்புறம் எடுத்துக்கறேன்.

— ரெண்டு பேரும் என்னங்க இப்படிக் கம்பளியும் ஊறுகாயுமாப் பேசறீங்க? பன்னெண்டு வருஷம் பேசாதவங்க பேசற பேச்சா இது?

— பின்னே வேற என்ன ஓய் பேசுவா?

— அதுவும் சரிதாங்க. வேற என்ன இருக்கு. சாமி, வந்துட்டோம். ஸ்கூல் வாசல். இறக்குவோமா?

— இரு. இன்னும் ஒரு சித்த.

— சாமி, என் தோளு...

— சரி. மெல்ல. மெல்ல ஏளப்பண்ணு. தலை அடிபடாம.

— அப்பாடி! ஏசுவே! எனக்குத் தோள் இருக்கான்னு யாராவது தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க.

— செபஸ்தியான், அதென்ன அங்கே? தலைல கட்டுப் போட்டவா, கை முறிஞ்சவா எல்லாரும் எழுந்து வரிசையா நின்னு மோர் குடிக்கறா?

— ஆமாங்க சார். போய் நீங்களும் வாங்கிக்கங்க.

— நான் செத்தவனாச்சே. செத்தவாளுக்கு மோர் உண்டா?

— உண்டுங்க. ஏன்னா... சாமி, சார், ரெண்டு பேரும் என்னை அடிக்கிறதுன்னா வலது தோள்ல அடிங்க. இடது இல்ல, போயிடுச்சி. அப்படி ஒரு ரூலே கிடையாதுங்க.

— எப்படி ஒரு ரூல்?

— ரெண்டாவது சங்கு ஊதினா செத்ததாக் கணக்குன்னு. ரெண்டாவது சங்குன்னா ஒத்திகை முடிஞ்சிடுச்சி, எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னு அர்த்தம். மேற்கு வீதி முனையிலேயே சாரை இறக்கிவிட்டு நான் போயிருக்கலாம். நானாச் சொன்ன பொய்யிங்க. சேதி சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சிடுச்சி. நீங்களே பேசிக்கிட்டாத் தேவலையேன்னு தோணிச்சி.

— அப்ப... அப்ப நான் சாகவே இல்லையா?

— இல்லீங்க.

— வடக்கு வீதி பூரா உசிரோடதான் இருந்தேனா?

— நல்லா உசிரோடதாங்க இருந்தீங்க. அந்தக் கனம் செத்தவருக்கு வராது.

— ஐயையோ! அடப்பாவி! ஜீவனோட இருக்கறவன்கிட்டன்னா இவன் பேசியிருக்கான்! பெருமாள் சன்னிதியில பண்ணின சத்தியம்! பன்னெண்டு வருஷம் நான் காப்பாத்திக் குடுத்த சத்தியம்! கடைசி நாள் என்னாலயே போச்சே! சக்கு, நீ ஒண்ணும் பேசலைடா, நான் ஒண்ணும் கேட்கலை, தோஷமெல்லாம் எனக்கு...

— சார், பாவம் என்னுதுங்க. சாயங்காலமே போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிடறேன். சாமி, மன்னிச்சிடுங்க. நல்லது பண்றதா நெனச்சி...

— ரெண்டு பேரும் சித்த வாயை மூடறேளா? டேய் சீனு, நான் சத்தியம் பண்ணினதை யார்டா பார்த்தா?

— ரங்கம்மா மாமி பார்த்தாளே! அன்னிக்குச் சாயங்காலம் நீ தனியா சன்னிதியில கை கூப்பிண்டு நின்னே. கண்ணுல தாரை தாரையா ஜலம். “சீனு, சீனு”ன்னு உதடு அசைஞ்சுது. மாமி தன் கண்ணால பார்த்துட்டு வந்துதான் வீதி பூராச் சொன்னா.

— மாமி பார்த்ததெல்லாம் சரிதான். நின்னேன். அழுதேன். உன் பேரையும் சொன்னேன். சத்தியம் மட்டும் பண்ணலை; நீ ஓடின கோவத்துல ஊர் சொன்னதை நானும் மறுக்கலை.

— பின்னே?

— “பெருமாளே, நாளைக்குக் கார்த்தால சீனு தானா வந்து என்கிட்ட பேசிடணும்”னு வேண்டிண்டேன்டா.